துடக்கில் எடுத்த வண்டி

சாவுச் செய்தியை ஒளிப்பதில் யாழ்ப்பாணத்துச் சனத்தை வெல்ல உலகத்தில் ஆளில்லை. செத்தவன் சாம்பலாகிக் காற்றில் போன பிறகும் "கொஞ்சம் சுகமில்லையாம்" என்பார்கள். அடுத்த நாள் "கடுமையாம்" என்பார்கள். அதற்கடுத்த நாள் நாலு பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றால், மிச்சத்தை நாங்களே விளங்கிக்கொள்ள வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அந்த வேலையைத்தான் சிவமலர் இரண்டு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தேழாம் ஆண்டு, கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை காலை. சுவிற்சர்லாந்தில், கூர் நகரத்துக்கு வெளியே போகும் வீதியில் முதலாளி யென்னி கார் ஓட்டினார். அவருக்குப் பக்கத்தில் சிவமலரின் கணவன் சண்முகலிங்கம். பின் சீட்டில், ஏழு மாத வயிற்றோடு சிவமலர். ஒரு பெரிய ட்ரெயிலரை இழுப்பதற்கு நல்ல பலமான பிக்கப் ஒன்று தெரிவு செய்யப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் குதிரைவலு, கியர், டீசல் என்று கதைத்தபடி வந்தார்கள். சிவமலர் கணவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிடரிக்குரியவனின் ஒரே தம்பி இறந்துவிட்டான். அதைச் சொல்ல வேண்டியவள் அவள். இன்னும் சொல்லவில்லை.

செய்தி வந்தது அவளுடைய தங்கை ஜெயமலரிடமிருந்து. ஜெயமலர் எப்படியோ பாதை பிடித்துக் கொழும்புக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து டெலிபோன் எடுத்தாள். சண்முகலிங்கம் அப்போது வேலையில்.

"அக்கா, குகதாசன் செத்துப் போட்டான். வீட்டை வாற வழியில சந்தியில துவக்குச் சூடு பட்டிட்டுது. ஊரடங்கு அக்கா. ஒரு பகல் முழுக்க உயிரோட கிடந்தவன். கூப்பிட்டுக்கொண்டு கிடந்தவன். நாங்கள் வேலிக்குள்ள நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டம். ஒருத்தரும் கிட்டப் போக ஏலேல்லை. பிறகு சத்தம் நிண்டிட்டுது. ரெண்டு நாளுக்குப் பிறகு றோட்டுக் கரையிலேயே வச்சு எரிச்சவை. அத்தானுக்கு இப்ப சொல்லிப் போடாதை. அந்த மனுசன் தாங்காது."

தாங்காதுதான். குகதாசனுக்கு லொறி ஓட்டப் பழக்கியவன் சண்முகலிங்கம். ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, "நீ இப்ப நில், நான் முதல் போய்ப் பார்க்கிறன்" என்று தன் லொறியின் திறப்பைத் தம்பியின் கையில் வைத்துவிட்டு வந்தவன். அன்றிலிருந்து மூன்று வருடமாக "அடுத்த வருசம் தாசனைக் கூப்பிடுவம்" என்பது அந்த வீட்டில் கறிக்கு உப்புப்போல ஒவ்வொரு நாளும் விழும் வார்த்தை. அவன் நடுத்தெருவில் கிடந்து கூப்பிட்டான், ஒருவரும் போகவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது?

டெலிபோனை வைத்த பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பல் பிடுங்கப் போனால் ஊசி போடுவார்களே, அதன் பிறகு கன்னம் சொந்தக் கன்னமாக இருக்காதே, அப்படி நெஞ்சு முழுக்க விறைத்துப்போய்க் கிடந்தது. எழுந்து போய்ப் பருப்பை அடுப்பில் வைத்தாள். பருப்பு வெந்தது. அவன் வந்தான். இருவரும் சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து காவல் வேலை. டெலிபோன் அடித்தால் அவள்தான் முதலில் பாய வேண்டும். ஆனால் ஒரு வேடிக்கை, அவள் பாயும்போதெல்லாம் சண்முகலிங்கமும் பாய்ந்தான். "பிள்ளைத்தாச்சி, நீ ஏன் ஓடுறாய், நான் எடுக்கிறன்" என்றான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து தான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி அறியாத மனுசன், இப்போது அவள் கடைக்குப் போனால் கூடவே வந்தான், தமிழர் யாராவது வீதியில் எதிர்ப்பட்டால் அவளுக்கு முன்னால் போய் நின்று கதைத்தான். பிள்ளை வரப்போகிற நேரத்தில் புதிதாகப் பாசம் பொங்குகிறதாக்கும் என்று அவள் நினைத்தாள். சாவு விழுந்த வீட்டில் மீன் ஆகாதே, அதன் நாற்றம் குமட்டுகிறது என்று சாட்டுச் சொல்லி வீட்டில் மரக்கறியாகவே சமைத்தாள். அதற்கும் மனுசன் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசைக்குச் சூரிச்சுக்குப் போகாமல் தடுக்க என்ன பொய் சொல்லலாம் என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, "இந்தக் குளிருக்குள்ள போக வேண்டாம்" என்று அவனே சொல்லிவிட்டான். கடவுள் தன் பக்கம் நிற்கிறார் என்று சிவமலர் நம்பினாள்.

எப்போது சொல்வது என்பதையும் அவள் முடிவு செய்திருந்தாள். வண்டி எடுத்த பிறகு.

அதற்குக் காரணம் இருந்தது. யென்னியின் உணவு விடுதியில்தான் இருவருக்கும் வேலை. அவருக்கு ஒரு நடமாடும் சமையல் வண்டி உண்டு. ஆறு மீட்டர் நீளம், இரட்டை அச்சு, உள்ளே எண்ணெய்த் தாச்சிகளும் காஸ் சிலிண்டர்களும் குளிர்ப்பெட்டியும். சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அதை இழுத்துக்கொண்டு போய்க் கோழியும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்பார். போன வருடம் சிவமலரின் றோல்ஸையும் பருப்பு வடையையும் ஒரு மூலையில் வைத்துப் பார்த்தார். வெள்ளைக்காரன் வரிசையில் நின்று வாங்கினான். இந்தக் கிறிஸ்மஸ் சந்தைக் காலத்திலிருந்து வண்டியை நீங்கள் இரண்டு பேரும் கொண்டுபோய் நடத்துங்கள் என்று யென்னி சொல்லியிருந்தார். பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று விடுதியின் நிலவறைச் சமையலறையில் மாறி மாறி வேலை செய்து, கட்டிலில் ஒருவர் விட்ட சூட்டில் மற்றவர் படுத்த வாழ்க்கை அதோடு முடியும்.

ஆனால் அதை இழுத்துத் திரிந்த யென்னியின் பழைய லாண்ட் ரோவர் லென்ஸர்ஹைடே மலை ஏற்றத்தில் கிளச் எரிந்து நின்றுவிட்டது. ட்ரெயிலரை வண்டி வியாபாரி ஒருவர் இழுத்துக்கொண்டு போய்த் தன் வளவில் விட்டிருந்தார். "ஓட்டப் போகிறவன் நீ, நீயே பார்த்துத் தெரிவு செய்" என்று யென்னி சண்முகலிங்கத்திடம் சொன்னார். செய்தியை இப்போது சொன்னால் துடக்கு. கூடப் பிறந்தவன் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. விளக்கேற்றக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது, புதிதாக ஒன்றையும் தொடங்கக் கூடாது. சண்முகலிங்கம் வண்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். சந்தையோ அதற்கிடையில் தொடங்கிவிடும். ஆகவே வண்டி முதலில், சாவு பிறகு. இப்படி அடுக்கி வைத்தபோது அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

வியாபாரியின் வளவு ரைன் ஆற்றுக்குக் கிட்ட இருந்தது. மலையில் பாதிவரை பனி இறங்கியிருந்தது. வளவின் ஒரு கரையில் யென்னியின் ட்ரெயிலர், கோழிப் படம் போட்ட பலகைகள் மூடியபடி, சாப்பாடு கிடைக்காத மாடுபோல நின்றது. எதிர்க் கரையில் மூன்று பிக்கப்புகள் நின்றன. வியாபாரி நீல வேலையங்கி போட்ட, அதிகம் கதைக்காத மனுசன். சிவமலரின் வயிற்றைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஒரு கதிரையைத் தூக்கிவந்து வெயில் விழும் இடத்தில் போட்டார்.

முதல் வண்டி சிவப்பு அமெரிக்க வண்டி. பெற்றோல் எஞ்சின், எட்டு சிலிண்டர். யென்னி அதைக் கண்டதும் கலியாண வீட்டில் பலகாரத் தட்டைக் கண்ட பிள்ளையாகிவிட்டார். இரண்டு தரம் சுற்றி வந்தார், கதவைத் திறந்து மூடினார், ஹோர்னை அடித்தார். வியாபாரி ஸ்டார்ட் பண்ண, வளவே அதிர்ந்தது.

"எப்படி ஷண்மு?"

சண்முகலிங்கம் நிலத்தில் ஒரு சாக்கைப் போட்டு வண்டிக்குக் கீழே படுத்துவிட்டு எழும்பி வந்தான். "நல்ல சத்தம். ஆனால் பெற்றோலைத் தண்ணியாகக் குடிக்கும். மலையில் இழுத்தால் இன்னும் கூட." யானை வாங்குகிறவன் தீனியையும் யோசிக்க வேண்டும் என்று ஜெர்மனில் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. கையை வயிற்றில் தட்டிக் காட்டினான். யென்னிக்கு விளங்கியது, ஆனால் முகம் வாடியது.

இரண்டாவது ஜப்பான் வண்டி. டீசல், புதுப்பெண் மாதிரிச் சுத்தம். யென்னியின் கண்ணுக்கு அதுவும் பிடித்தது. சண்முகலிங்கம் ட்ரெயிலரைத் திரும்பிப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "இது லேசு. ஏற்றத்தில இழுத்திடும். இறக்கத்தில ட்ரெயிலர் இதைத் தள்ளும்" என்றான். இழுக்கிறது பெரிய காரியமில்லை, மறிக்கிறதுதான் காரியம் என்பது லொறிக்காரருக்குத் தெரிந்த சங்கதி. வியாபாரி ஆம் என்று தலையாட்டினார். அதையே அவரும் சொல்ல இருந்தாராம்.

மூன்றாவது வண்டியை யாரும் முதலில் கவனிக்கவில்லை. சாம்பல் நிறம், பக்கத்தில் நெளிவு, சீட்டுக் கிழிசல். குதிரைகள் ஏற்றித் திரிந்த ஒருவர் விற்றுவிட்டுப் போனதாம், உள்ளே இன்னும் வைக்கோல் மணம் அடித்தது. ஆனால் டீசல் எஞ்சின், பெரிய கியர்பெட்டி, பின்னால் இரட்டைச் சக்கரம். ட்ரெயிலரை மாட்டும் கொளுவி அடிச்சட்டத்தோடு சேர்த்து முடுக்கியிருந்தது. சண்முகலிங்கம் வில்லுத்தகடுகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவினான். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் புகையின் நிறத்தைப் பார்த்தான். பிரேக்கைப் பற்றிக் கேட்டான். ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் இருக்கிறது, இந்த வண்டியின் பிரேக்கும் போன மாதம்தான் மாற்றியது என்று வியாபாரி சொன்னார்.

கதிரையில் இருந்தபடி சிவமலர் எல்லாவற்றையும் பார்த்தாள். மனுசன் வழக்கத்தைவிடக் கூடக் கதைப்பதுபோல இருந்தது. எவ்வளவு சந்தோசமாக நிற்கிறார் என்று நினைத்தாள். லொறிக்காரனுக்குத் திரும்பவும் ஒரு ஸ்டியரிங் கிடைக்கப் போகிறது, விட்டுவைப்போம், இன்றைக்கு ஒரு நாள் சந்தோசமாக இருக்கட்டும். பிறகு அவன் பிரேக்கைப் பற்றித் திரும்பவும் கேட்டான். அதே கேள்வி. வியாபாரி அதே பதிலைப் பொறுமையாகத் திரும்பவும் சொன்னார். ஜெர்மன் விளங்கவில்லையாக்கும். அதன் பிறகு அவன் வண்டியின் பின்பக்கம் போய், கொளுவியின் இரும்பு உருண்டையை வெறுங்கையால் பொத்திப் பிடித்தபடி கனநேரம் நின்றான். அந்தக் குளிரில் இரும்பு கையைக் கடித்திருக்கும். அவன் எடுக்கவில்லை.

"இதுதான்" என்றான் கடைசியில். "ட்ரெயிலரைக் கொளுவி ஒருக்கா ஏற்றத்தில ஏத்திப் பாத்திட்டுச் சொல்லுறன். என்ர மனம் இதிலதான்."

யென்னி சிவப்பு வண்டியை ஏக்கத்தோடு ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். வியாபாரி ட்ரெயிலரைக் கொளுவினார், லைற் வயரைச் செருகினார், சங்கிலியை மாட்டினார். மலாடர்ஸ் போகும் வீதியில் ஏறி, முதலாவது அகலமான வளைவில் திருப்பிக்கொண்டு வரச் சொன்னார். யென்னியின் வார்த்தை இருந்ததால் தான் கூட வரத் தேவையில்லை என்றார். சிவமலர் வண்டிக்குக் கிட்ட வந்தாள். தினம் ஏறி இறங்கப் போகிறவள், படி எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்போதுதான் யென்னி தன் கனத்த மேற்சட்டைப் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, நாலு எலுமிச்சம்பழங்களை எடுத்தார்.

"மறந்துவிட்டாயா ஷண்மு? நான் மறக்கவில்லை!"

போன வருடம் ட்ரெயிலருக்குப் புது வர்ணம் அடித்து முதன்முதலாக வெளியே எடுத்தபோது, சண்முகலிங்கம் சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் இழுக்க விட்டான். அதை யென்னி ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்தப் பருவம் வியாபாரம் அமோகம். பாவம், அந்த மனுசனுக்கு அதில் நம்பிக்கை வந்துவிட்டது. இப்போது குனிந்து இரட்டைச் சக்கரத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார். "சக்கரம் ஆறு இருக்கிறது. பழம் நாலுதான். போதுமா?"

"நைன்!"

வேண்டாம் என்று ஜெர்மனில் சிவமலர்தான் சொன்னாள். சண்முகலிங்கமும் சொன்னான். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே சத்தத்தில் வெளிவந்தன. வியாபாரி நிமிர்ந்து பார்த்தார்.

அவள் ஏன் சொன்னாள் என்பது எங்களுக்குத் தெரியும். வண்டியைத் தேவைக்கு வாங்குவது ஒன்று. துடக்குக்காரன் கையால் நல்ல காரியத்துக்குரிய பழத்தை வைப்பது வேறு. தெரியாமல் அவன் செய்தால், தெரிந்தும் பார்த்துக்கொண்டு நின்ற பாவம் அவளுக்கு. ஆனால் அவன் ஏன் சொன்னான்? பஸ்ஸில் புதுச் செருப்போடு ஏறுவதற்கும் நேரம் பார்க்கிற ஆள் அல்லவா? சிவமலர் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். யென்னி பழங்களைக் கையில் வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாக அவற்றைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஏறு மலர்" என்றான் சண்முகலிங்கம்.

வண்டி வளவை விட்டு வெளியே வந்தது. நகரத்தைக் கடந்து மலைப் பாதையில் ஏறத் தொடங்கியது. எஞ்சின் மூச்சு வாங்காமல் இழுத்தது. பின்னால் ட்ரெயிலர் இருப்பதே தெரியவில்லை. சிவமலரின் நெஞ்சு மட்டும் அடித்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு அது அடிப்பதை அவள் முதன்முதலாக உணர்ந்தாள்.

"ஏன் வேண்டாமெண்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"நீ ஏன் வேண்டாமெண்டனீ?"

"நான் முதல் கேட்டனான்."

அவன் கியரை மாற்றினான். கண் வீதியில் இருந்தது. "உனக்குச் சொல்லக் கூடாதெண்டுதான் இருந்தனான். வயித்துப் பிள்ளையோட இருக்கிறவளுக்குச் சாவு சொல்லக் கூடாது. யோகராஜா அண்ணையும் அதைத்தான் சொன்னவர்." ஊஸ்டரில் இருக்கும் யோகராஜாவிடம்தான் ஊர்ச் செய்திகளெல்லாம் முதலில் வந்து சேரும். "மலர், பதறாதை. தாசன்..."

"தெரியும்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"றோட்டைப் பாத்து ஓட்டுங்கோ. எனக்குத் தெரியும். ரெண்டு கிழமையாத் தெரியும். ஜெயா டெலிபோன் எடுத்தவள். உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு நான்..."

"எனக்கும் ரெண்டு கிழமை. யோகராஜா அண்ணை வேலையிடத்துக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னவர்."

அதுதானே! டெலிபோனுக்குப் பாய்ந்ததும், கடைக்குக் கூட வந்ததும், மரக்கறிச் சோற்றை வாய் திறக்காமல் விழுங்கியதும், பூசைக்குப் போகாமல் நின்றதும். ஒரே வீட்டுக்குள், ஒரே கட்டிலில், ஒரே பிணத்தை ஆளுக்கொரு பக்கத்தில் ஒளித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கிடந்திருக்கிறார்கள். சிவமலருக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. தோளில் இரண்டு கிழமையாக இருந்த மூட்டையை யாரோ வாங்கி வைத்ததுபோல உடம்பு தளர்ந்தது. இனி அவள் சொல்ல வேண்டியதில்லை. அவள் பயந்த அந்த நேரம் வராமலே போய்விட்டது. இந்த மனுசன் அதைத் தாங்கிக்கொண்டு, முழுசாக, தன் பக்கத்தில் இருந்து வண்டி ஓட்டுகிறார்.

"நான் நினைச்சன் நீங்கள் சந்தோசமா நிண்டு வண்டி பாக்கிறியள் எண்டு" என்றாள்.

"சந்தோசமோ? எனக்கு ஒண்டுமே தெரியேல்லை மலர். விறைச்சுப்போய்க் கிடக்கு. நீ இந்த வேலை வேணுமெண்டு ஆசைப்பட்டாய். அதுதான் வந்தனான்."

"எனக்கும் அப்பிடித்தான். அழுகையும் வரேல்லை." தடுத்து வைத்திருந்த வாய்க்கு இப்போது மடை திறந்துவிட்டது. "அப்பிடி அந்தச் சந்தியில கிடந்து, ஒரு பகல் முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு... அதைக் கேட்ட நாள் துவங்கி எனக்கு என்ர உடம்பே விளங்கேல்லை. சோறு வைக்கிறன், படுக்கிறன், எழும்புறன்..."

"எந்தச் சந்தியில?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். வழி கேட்கிறவன் மாதிரி.

சிவமலர் அவன் பக்கம் திரும்பினாள்.

"எந்தச் சந்தியில மலர்? தாசன் காய்ச்சல் வந்தல்லோ போனவன்? நெருப்புக் காய்ச்சல், ஆசுப்பத்திரியில நாலு நாள் இருந்தவன், கோம்பயன் மணல் சுடலைக்குக் கொண்டுபோய் முறையாச் செய்தவை, மாமான்ர பெடியன் கொள்ளி வச்சவன். யோகராஜா அண்ணை எல்லாம் விவரமாச் சொன்னவர்."

அவள் முன்கண்ணாடியைப் பார்த்தாள். யோகராஜா அண்ணை நல்ல மனுசன். செய்தியைச் சும்மா ஒளிக்கவில்லை, வெட்டித் துப்புரவாக்கி, கொள்ளி வைக்க ஆளும் பிடித்து, பாடையில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அந்தப் பொய்யின் மேல்தான் இவன் இரண்டு கிழமை காலூன்றி நின்றிருக்கிறான். எத்தனை இரவு அவள் சொற்களைத் தேடி வைத்திருந்தாள்! முதலில் சுகமில்லை என்று தொடங்கி, கையைப் பிடித்துக்கொண்டு, இருத்தி வைத்து, மெல்ல மெல்ல. கடைசியில் ஓடுகிற வண்டிக்குள் வைத்து, பாரம் இறங்கிய ஆறுதலில், வாயில் வந்தபடி கொட்டிவிட்டாள்.

அவன் வண்டியைத் தடுமாற விடவில்லை. அகலமான வளைவு வந்தது. வேகம் குறைத்து, கண்ணாடியில் ட்ரெயிலரைப் பார்த்து, கரையில் அளவாக ஒதுக்கி நிறுத்தினான். கைப்பிரேக்கை இழுத்தான். எஞ்சினை நிறுத்தினான். கீழே கூர் நகரத்தின் கூரைகள் தெரிந்தன.

"சொல்லு" என்றான்.

"சூடு பட்டது. ஊரடங்கு நேரம்."

"லொறியிலயோ?"

"இல்லை. லொறியை விட்டிட்டு வரேக்குள்ள."

"கூப்பிட்டவன் எண்டாய்."

அவள் தலையாட்டினாள்.

"ஆரைக் கூப்பிட்டவன்?"

அதை ஜெயமலர் சொல்லவில்லை. சிவமலரும் கேட்டிருக்கவில்லை. கேட்கப் பயந்தாள். "தெரியாது" என்றாள். அது உண்மை.

"தனியவோ கிடந்தவன்?"

அவன் இப்போது அவளைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. கண்களில் தண்ணீர் இல்லை. பதிலுக்காக நின்ற அந்த முகத்தை அவள் பார்த்தாள். யோகராஜா அண்ணையின்மேல் வந்த கோபம் அந்த இடத்திலேயே இல்லாமல் போயிற்று.

"இல்லை" என்றாள் சிவமலர். "தனியக் கிடக்கேல்லை. ஜெயா வேலியைப் பிரிச்சுக்கொண்டு போனவள். அவள்தான் பக்கத்தில இருந்தவள். தலையைத் தூக்கி மடியில வச்சிருந்தவளாம்."

"ஜெயாவோ?"

"ஓம்."

"தண்ணி குடுத்தவளோ?"

"ஓம். குடுத்தவள். குடிச்சவன். பிறகுதான் போனது."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மஞ்சள் தபால் பஸ் அவர்களைக் கடந்து மேலே ஏறிப் போனது.

"காணும்" என்றான் சண்முகலிங்கம். "அது போதும்."

பிறகு நெற்றியை ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டு, வாய் திறந்து, குரலெடுத்து அழுதான். வீதியால் போகிறவர்கள் பார்ப்பார்களே என்று எண்ணவில்லை. சிவமலர் வயிறு இடிக்கச் சாய்ந்து அவன் முதுகைத் தடவினாள். விறைத்துக் கிடந்த அவளுடைய நெஞ்சும் இளகி, அழுகை தொண்டைவரை வந்து நின்றது. கத்தி அழ வேண்டும்போல இருந்தது. அவள் அதை விழுங்கினாள். மடியில் தலை வைத்து, தண்ணீரும் குடித்துவிட்டுப் போனவனுக்கு அவள் ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று அவன் யோசித்துவிடுவான்.